நேர்ந்துவிட்ட குதிரை

பந்தயக் குதிரை ஒன்றுக்கு இரண்டு ஆள் வேண்டும். தேய்த்துக் குளிப்பாட்டி நடத்திக் கூட்டிப்போகக் குதிரைக்காரன் ஒருவன், புல் அறுத்துக் கொள்ளு வேகவைத்துப் போடப் புல்லுக்காரி ஒருத்தி. பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியுமாக இருப்பார்கள். பந்தயத்தன்று அச்சடித்துக் கொடுக்கும் தாளில் குதிரைமேல் ஏறி ஓட்டுகிறவன் பேர் வரும். சொந்தக்காரர் பேர் அதைவிடக் கொட்டை எழுத்தில் வரும். குதிரையின் அப்பன் பேர், ஆத்தா பேர்கூட வரும். புல்லுக்காரி பேர் மட்டும் வராது. புல்லுக்காரி உண்ணாமலைக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவள் மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். சடையனுக்கு வாக்கப்பட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றில் சேலத்துக்கு வந்தாள். ஏற்காட்டுச் சாலையில் அஸ்தம்பட்டியைத் தாண்டியதும் இருந்த பந்தயத் திடலில் சடையன் குதிரைக்காரன். திடலின் ஓரத்தில் ஓடு வேய்ந்த நீளமான லாயம், அதற்குப் பின்னால் குதிரைக்காரர்களின் குடிசைகள். "குதிரைக்கு ஓடு, நமக்கு ஓலை. பாத்துக்க" என்று முதல் நாளே சொல்லிச் சடையன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அது நல்ல காலம். தை மாதம் பந்தயம் நடக்கிற வாரத்தில் சேலத்தில் தறிச் சத்தம் கேட்காது. நெய்கிறவர், பாவு ஓட்டுகிறவர், சாயம் போடுகிறவர் எல்லாரும் திடலின் வேலியோரம்தான் நிற்பார்கள். மலைமேலிருந்து காப்பித் தோட்டத்துத் துரைமார் இறங்கி வருவார்கள். சின்ன ஜமீன்களான மிட்டாதார்கள் ஜரிகைத் தலைப்பாகையோடு வருவார்கள். சென்னை, பெங்களூர்க் குதிரைகள் ரயிலேறி வந்து சூரமங்கலத்தில் இறங்கும்போது, அவற்றைப் பார்க்கவே ஸ்டேஷனில் கூட்டம் கூடும். வேலைவெட்டி இல்லாதவன்கூட அந்த ஒரு வாரம் குதிரை ஜாதகம் சொல்லிக்கொண்டு பெரிய மனுஷனாகத் திரிவான்.

இதையெல்லாம் நிர்வாகம் பண்ணியது மலையடிவாரப் பந்தயக் கமிட்டி. தோட்டத் துரைமார் சிலர், மிட்டாதார்கள் சிலர், செக்ரட்டரியாகப் பிராக்டன் துரை. அவர்களுக்குக் கீழே கணக்கப்பிள்ளை சுவாமிநாதன், குகைப் பகுதியில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து இங்கிலீஷ் படித்தவர். குதிரை கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பார்கள். கமிட்டியும் அப்படித்தான். விருந்தென்றால் ஒருவர் பாக்கியில்லாமல் வந்துவிடுவார்கள். மேடைக்கூரை ஒழுகுகிறது, ஓடுபாதையில் பள்ளம் விழுந்திருக்கிறது என்றால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பள்ளம் வருஷக்கணக்கில் அடுத்த கூட்டத்துக்காகக் காத்துக்கிடந்தது.

உண்ணாமலை வந்த அடுத்த வருஷம் ஒரு கருங்குதிரை அந்தப் பள்ளத்தில் கால் விட்டு முறித்துக்கொண்டது. பிராக்டன் துரை வந்து பார்த்தார். "டிஸ்போஸ்" என்று ஒரே வார்த்தை சொன்னார். துப்பாக்கி வந்தது, குதிரை போனது. அன்றைக்கு லாயத்துக்காரர்கள் ஒரு இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்டார்கள். டிப்போசு என்றால் சுட்டுத்தள்ளுவது. அதற்கப்புறம் நொண்டிக் குதிரை ஒவ்வொன்றுக்கும் துரை அந்த வார்த்தையைத்தான் சொன்னார், ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிதான் வந்தது. ஆகவே கற்றது சரிதான் என்று ஆகிவிட்டது. கோபம் வந்தால் பெண்டுகள்கூட "டிப்போசுல போறவனே" என்று திட்டிக்கொள்ளப் பழகினார்கள்.

அந்த லாயத் தமிழ் அப்படிப்பட்டது. முப்பத்திரண்டில் ஒரு மிட்டாதார் வாங்கிவந்த செவலைப் பெண்குதிரைக்குத் தாளில் 'செவன்த் ஹெவன்' என்று பேர். ஏழாவது சொர்க்கம் என்று அர்த்தமாம். லாயத்து வாயில் அது இரண்டே நாளில் செவ்வந்தி ஆகிவிட்டது. சடையனிடம் ஒப்படைத்தார்கள். பின்னங்காலில் ஒன்று முட்டிவரைக்கும் வெள்ளை, மற்றபடி உடம்பெல்லாம் ஒரே செவலை. ஓட ஆரம்பித்தால் சடையனுக்கு மூச்சு நின்றுவிடும். உண்ணாமலை ஏரிக்கரையில் அறுத்துவந்த அருகம்புல்லைத் தவிர வேறு புல்லை அது முகர்ந்தும் பார்க்காது. அரிவாளை இடுப்புக் கட்டிலிருந்து உருவுகிற சத்தம் கேட்டால் போதும், காதிரண்டையும் அவள் பக்கம் திருப்பிவிடும்.

செவ்வந்தி ஜெயித்துக்கொண்டே இருந்தது. அதுதான் மிட்டாதாருக்குத் தொல்லை. ஜெயிக்கும் என்று ஊருக்கே தெரிந்த குதிரைமேல் பணம் கட்டி என்ன லாபம்? அவரிடம் இன்னொரு செவலையும் இருந்தது. அதே உயரம், அதே நிறம், காலில் வெள்ளை மட்டும் கிடையாது. ஓட்டத்தில் படு மட்டம். மட்டச் செவலை என்றே அதற்குப் பேர். அதன்மேல் யாரும் சல்லிக்காசு கட்டமாட்டார்கள். மட்டச் செவலையின் பேரில் செவ்வந்தியை ஓடவிட்டால்? மிட்டாதார் சடையனைக் கூப்பிட்டு, "அந்தக் காலு வெள்ளைய மறைக்க ஏதாச்சும் பண்ணுடா" என்றார். பண்ணமாட்டேன் என்று சொல்ல அவன் யார்? சாயப்பட்டறையில் போய்ச் செஞ்சாயம் வாங்கிவந்து பூசினான்.

முப்பத்துநான்கு தை மாதம். முந்தின நாள் தூறல் விழுந்து, கமிட்டியின் அருமைப் பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தது. மட்டச் செவலை என்ற பேரில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிவந்த செவ்வந்தி பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஏறிய இடத்திலிருந்து பாதையெல்லாம் சிவப்புத் தண்ணீர் சொட்டியது, காலில் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. சேலத்துக்காரனை எதில் வேண்டுமானாலும் ஏமாற்றலாம், சாயத்தில் முடியுமா? வேலியோரம் நின்ற சாயக்காரர் ஒருவர், "அட, சாயம் வெளுக்குதுங்கடா! காரம் பத்தாமப் போட்டிருக்கான்டா!" என்று கத்தினார். திடலே சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பணம் கட்டியவர்களுக்குச் சிரிப்பு அடங்கிக் கோபம் வந்தது. பெஞ்சுகள் பறந்தன.

கமிட்டி விசாரித்தது. விசாரித்த கமிட்டியில் அந்த மிட்டாதாரும் ஒருவர். பிறகென்ன, குற்றவாளி சடையன் ஒருவன்தான் என்று தீர்ந்தது. நாட்டில் எந்தப் பந்தயத் திடலிலும் அவன் காலெடுத்து வைக்கக்கூடாது என்று எல்லா ஊருக்கும் எழுதிவிட்டார்கள். அவனுக்கும் கேட்டுப் பார்க்க ஆசை, பெங்களூர்வரைக்கும் போய்ப் பார்த்தான். வாசலிலேயே பேரைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது அவனுக்குத்தான் பொருந்தும். மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கத்துக்குக் கல் உடைக்கப் போனான். உண்ணாமலையை மட்டும் யாரும் விலக்கவில்லை. எழுதாத பேரை எப்படி அடிப்பது? அவள் லாயத்திலேயே புல்லுக்காரியாக இருந்துகொண்டாள்.

செவ்வந்தியும் இருந்தது. இனி அது ஓடக்கூடாது என்று தீர்ப்பு. மிட்டாதார் அதைத் தன் குதிரையே இல்லை என்பதுபோல் விட்டுவிட்டுப் போனார். சில மாதம் முன்னால்வரை ஊரே பெயர் சொல்லிக் கத்திய குதிரையைத் திடலைச் சமன்படுத்தும் உருளையை இழுக்கக் கட்டினார்கள்.

முப்பத்தேழில் சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடினார்களே, அதற்கடுத்த வருஷம் சடையன் படுத்தான். நெஞ்சு நிறையக் கல்தூசி. கடைசி நாட்களில் பேச்சு குறைந்துபோய் இருமல்தான் மிச்சம். மகள் ராசாத்தி அப்போதே தம்மம்பட்டியில் வாக்கப்பட்டுப் போயிருந்தாள். அவளைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த வாயில்லாத சீவனை ஓடவொட்டாமப் பண்ணினவன் நான்தான் புள்ளே. அது உசுரு இருக்கறவரைக்கும் பாத்துக்க" என்றான். "பாத்துக்கறேன்" என்றாள். சாகிறவனுக்குச் சொன்ன சொல். அவளுக்கு அதற்கப்புறம் வேறு நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

பந்தயமும் சடையனைப் போலவே இழுத்துக்கொண்டு கிடந்தது. ஊரில் அதற்குச் சாயப் பந்தயம் என்று பேர் விழுந்துவிட்டது. காப்பி விலை பாதாளத்துக்குப் போனதில் துரைமார் பலர் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். மிட்டாதார்கள் கோர்ட்டுக்கும் கடனுக்கும் நடக்கவே நேரம் சரியாக இருந்தது. பிறகு யுத்தம் வந்தது. சீமைக் குதிரை வருவது நின்றது, ரயிலில் சிப்பாய்களுக்கே இடமில்லை, குதிரைக்கு எங்கே? பெரிய ஊர்ப் பந்தயங்களே தள்ளாடுவதாகச் சொன்னார்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று கமிட்டிக்கார மிட்டாதார் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு சொன்னாராம். குதிரையே படுத்துவிட்டால் எதன் மட்டம் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாயில்லை.

நாற்பத்திரண்டில் பட்டாளம் திடலைக் கேட்டது. கமிட்டி ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. கேட்டதே பெரிது என்று கொடுத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கணக்கப்பிள்ளை சுவாமிநாதன் லாயத்துக்கு வந்து எல்லாரையும் கூட்டினார். அவருக்கும் மனசு சரியில்லை, அவர் வேலையும் அதோடு போகிறது. "மாசக் கடைசிக்குள்ள குடிசையெல்லாம் காலி பண்ணிரணும். குதிரைங்க அத்தனையும் டிஸ்போஸ் பண்ணிரணும்னு கமிட்டி தீர்மானம். திங்கக்கெழமை ஆரம்பம்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்குத் தமிழ் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை.

அத்தனை குதிரையையுமா? நல்ல காலோடு நிற்கிற குதிரைகளையுமா? குதிரைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பட்டாளத்துக்காரன் சொன்னால் எதுவும் நடக்கும் காலம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சிலர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உண்ணாமலை அழவில்லை. செவ்வந்திக்குக் கொள்ளு வைத்துவிட்டு அது தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கிக்கு முன்னால் புல்லுக்காரியால் என்ன முடியும் என்று யோசித்தாள். துரையிடம் கெஞ்சலாம், காது கொடுக்கமாட்டார். ஓட்டிக்கொண்டு போய்விடலாம், குதிரையை எங்கே ஒளிப்பது? துரையைவிடப் பெரியவர் ஒருவர்தான் அந்தப் பக்கத்தில் இருந்தார்.

திடலுக்கு மேற்கே புளியமரத்தடியில் முனியப்பன். கூரை கிடையாது, பெரிய மீசை, உருட்டிய விழி, சுற்றிலும் ஜனங்கள் நேர்ந்து வைத்த மண்குதிரைகள். அந்தப் பக்கத்தில் ஆட்டுக்கிடாயையோ காளைக்கன்றையோ சாமிக்கு நேர்ந்தால் காதின் நுனியை அறுத்து அடையாளம் செய்துவிடுவார்கள். காதறுத்தது சாமி சொத்து. யாரும் விற்கமாட்டார்கள், வாங்கமாட்டார்கள், கட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். தோட்டத்தில் புகுந்து மேய்ந்தாலும் கும்பிட்டுத்தான் விரட்டுவார்கள். திருடன்கூடத் தொடமாட்டான். சாமி சொத்தைச் சுடுவதற்கு எவனுக்குத் தைரியம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செவ்வந்தியை முனியப்பன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பூசாரி செங்கோடனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்குதிரையாகவே வாங்கி வந்த சாமிக்கு உயிர்க்குதிரை வருவதென்றால் சும்மாவா?

"நல்லா ரோசனை பண்ணிட்டியா அம்மிணி? குடுத்தாக் குடுத்ததுதான்."

"குடுத்தர்றனுங்க. இனி இது எனக்கில்லீங்க, அந்த அப்பனுக்குத்தான்."

மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார்கள். செவ்வந்தி உடம்பைச் சிலிர்த்து உதறியது. "துளுக்கிருச்சு, சாமி ஏத்துக்கிட்டாரு!" என்றான் பூசாரி. தண்ணீர் பட்டால் குதிரை உதறாமல் என்ன செய்யும்? ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இடுப்புக் கட்டிலிருந்து புல்லறுக்கிற அரிவாளை உருவினாள். சத்தம் கேட்டுச் செவ்வந்தி காதிரண்டையும் அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தது. அரிவாள் வந்தால் புல் வரும் என்பதுதான் அதற்குத் தெரியும். இடது காதின் நுனியை ஒரே இழுப்பில் அறுத்தாள். அது ஒரு தடவை தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, அப்புறமும் அங்கேயேதான் நின்றது. சாம்பலை அப்பிக்கொண்டே உண்ணாமலை அழுதாள். பாவம் செய்துவிட்டோம் என்று அழுதாள், பிழைத்துப்போனாய் தாயே என்றும் அழுதாள்.

பூசாரி சும்மா இருப்பானா? மத்தியானத்துக்குள் அஸ்தம்பட்டி முழுக்கச் சேதி பரவிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் திடலுக்குத் துப்பாக்கி வரவில்லை. ஜட்கா வண்டிக்காரர்கள் வந்தார்கள், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள் வந்தார்கள், ஆத்தூரிலிருந்து ஒரு மிராசுதார் வந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசினார்கள். குதிரைக்காரர்கள் முழித்தார்கள். உண்ணாமலைக்கு ஒன்றும் புரியவில்லை. கணக்கப்பிள்ளையிடம் ஓடினாள்.

"ஏனுங்க சாமி, என்னமோ டிப்போசுன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா. அதான் நடக்குது."

"விக்கறாங்களே?"

"விக்கிறதுதாம்மா டிஸ்போஸ். வேறென்ன?"

"சுடறதில்லீங்களா?"

சுவாமிநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். லாயத்துக்குள் கட்டியிருந்த செவ்வந்தியைப் பார்த்தார். ஊரெல்லாம் பேசிய சேதிக்கு இப்போதுதான் அவருக்குக் காரணம் புரிந்தது. "அடப் பாவமே, அதுக்காகவா அப்படிப் பண்ணினே? ஒழிச்சுக் கட்டறதுன்னு அர்த்தம்மா. வித்து ஒழிச்சாலும் டிஸ்போஸ், சுட்டு ஒழிச்சாலும் டிஸ்போஸ். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

செவ்வந்தியை வாங்க ஆள் ஏற்கனவே இருந்தது என்பது அதைவிடக் கொடுமை. பஸ் நிலையத்தருகே ஜட்கா ஓட்டும் கருப்பண்ணன் வாரக்கணக்கில் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தான். உருளை இழுத்துப் பழகிய குதிரை, வண்டிக்குச் சாதுவாக வரும், அருமையான நடை. அவனும் நல்லவன். தன் பழைய குதிரை செத்தபோது ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தவன். அவன் நேராகச் செவ்வந்தியிடம் வந்தான், கழுத்தைத் தடவக் கையை நீட்டினான், காதைப் பார்த்தான். நீட்டிய கையை மடக்கிக் கும்பிட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"தம்பி, ஓட்டிட்டுப் போ தம்பி. நான் புல்லுப் போடறேன், உன்ற ஊட்டுக்கே தெனம் கொண்டாந்து போடறேன், காசு வேண்டாம்" என்று உண்ணாமலை அவன் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்குப் புள்ளகுட்டி இருக்குதக்கா. முனியப்பன் குதிரைய வண்டில பூட்டிச் சாட்டை எடுத்தா நான் வெளங்குவனா? நேத்து ஒருநா பொறுத்திருக்கக் கூடாதா நீ?"

அவன் கண்ணில் தண்ணீர். அதனால் என்ன? பக்கத்துக் கொட்டடியில் கிழண்டு நின்ற மட்டச் செவலையைப் பிடித்துக்கொண்டு போனான். மற்றவர்களும் காதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். பொழுது இறங்குவதற்குள் லாயம் காலியாகிவிட்டது. நொண்டி விற்றது, கிழடு விற்றது, ஒற்றைக்கண் குதிரைகூட விற்றது. செவ்வந்தி மட்டும் நின்றது.

உண்ணாமலை முனியப்பனிடம் ஓடினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க ஓடினாள். பதிலுக்குக் கிடாய் வெட்டுகிறேன், வருஷாவருஷம் வெட்டுகிறேன், தலைமுடி கொடுக்கிறேன் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். "குடுத்ததத் திருப்பித் தர அவரென்ன கடைக்காரரா?" என்றான் செங்கோடன். ஆனாலும் அவள் கிடந்து கதறியதைப் பார்த்து மனசு இளகி, சாமியிடம் பூக் கேட்கலாம் என்றான். வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியே இலையில் சுருட்டி முனியப்பன் காலடியில் போட்டான். வெள்ளை வந்தால் சாமி விட்டுக்கொடுத்தார், சிவப்பு வந்தால் விடவில்லை. "நீயே எடு" என்றான். அறுத்தது அவள் கை. எடுத்ததும் அவள் கைதான். பிரித்தால் செவ்வரளி.

சுற்றி நின்ற மண்குதிரைகளை அவள் வெறித்துப் பார்த்தாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவளை இதற்குமுன் கதையில்தான் கேட்டிருக்கிறோம்.

"விட்டுரு அம்மிணி, சாமி குதிரை எங்கியாச்சும் மேஞ்சுக்கும்" என்று பூசாரி சமாதானம் சொன்னான். மாடு மேயும், கிடாய் மேயும். அந்தக் கோடையில் ஏரியே வெடித்துக் கிடந்தது, கொள்ளு மனுஷருக்கே கிடைக்கவில்லை. அருகம்புல்லைத் தவிர வேறு தொடாத குதிரை என்னத்தை மேயும்? தானே வைத்துக்கொள்ளலாம் என்றால் தலைக்குமேல் இருந்த ஓலையும் மாசக் கடைசியில் போகப்போகிறது. ராசாத்தி மாமியார் வீட்டில் மனுஷிக்கே இடமில்லை, இதில் சாமி குதிரைக்கு எங்கே?

மறுநாள் காலையில் பிராக்டன் துரை வந்தார். துரை கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வயதாகியிருந்தது, அந்த வாரத்தோடு அவரும் ஊரைவிட்டுப் போகிறார். வெறும் லாயத்தில் தனியாக நின்ற செவ்வந்தியின் காதைப் பார்த்து முகம் சுளித்தார். யார் செய்தது என்று கேட்டார்.

"நான்தானுங்க. சாமிக்குக் குடுத்தனுங்க."

துரைக்குக் கொச்சைத் தமிழ் வரும். "உன் சாமி இதுக்குக் கொள்ளு போடுமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. பதில் இருந்தால் தெரிந்துகொள்ளலாம் என்பதுபோலத்தான் கேட்டார்.

தெருவில் பட்டினியாக விட்டுச் சாகடிப்பது பாவம் என்றார் துரை. கணக்கப்பிள்ளையிடம் திரும்பி அந்தப் பழைய வார்த்தையைச் சொன்னார். இந்த முறை லாயத்து அர்த்தமே சரியாக இருந்தது.

சுவாமிநாதன் துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். குதிரைக்காரர்களில் ஒருவனும் கிட்டே வரவில்லை, தூரத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி சொத்து, யார் தொடுவார்? வாங்க வந்தவனை அந்தக் காது தடுத்தது, பிடிக்க வந்தவனைத் தடுத்தது, கும்பிடத் தெரிந்த அத்தனை பேரையும் தடுத்தது. முனியப்பன் யாரென்றே தெரியாத ஒருவர்தான் மிச்சம். அவர் கையில்தான் துப்பாக்கி இருந்தது.

பிடித்துக்கொள்ள ஆளில்லாததால் உண்ணாமலை பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் ஏரிக்குப் போய், வெடித்த மண்ணில் தேடித் தேடிக் கைப்பிடி அருகம்புல் அறுத்து வந்திருந்தாள். செவ்வந்தி காதைத் திருப்பியது. அறுத்த காதும் திரும்பியது. அது புல்லைத் தின்றுகொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. குழி வெட்டவும் பட்டாளத்திலிருந்துதான் ஆள் வரவேண்டியிருந்தது.

கடைசியில், லாயத்தில் இருந்த அத்தனை குதிரைகளிலும் சுடப்பட்டது அது ஒன்றுதான்.

உண்ணாமலை தம்மம்பட்டிக்குப் போகவில்லை. புல்லறுப்பதைத் தவிர அவளுக்கு என்ன தெரியும்? ஜட்கா ஸ்டாண்டுக்குப் புல்லுக்கட்டுச் சுமந்து விற்றாள். பந்தயத்தில் ஓடிய குதிரைகள் பல அங்கேதான் எலும்பு தெரிய நின்றன, மூட்டையும் மனுஷரும் இழுத்தன. நாட்டிலேயே பந்தயத்தை ஒழிக்கப்போகிறார்கள் என்று யாரோ பேப்பர் படித்துச் சொன்னபோது அவள் நின்று கேட்கக்கூட இல்லை. அவளுக்கு அது எப்போதோ ஒழிந்துபோயிருந்தது. முனியப்பன் இருந்த பக்கம் மட்டும் அவள் அப்புறம் போகவே இல்லை. ஏரிக்குப் போக அதுதான் குறுக்குவழி. தலைச்சுமையோடு சுற்றிக்கொண்டுதான் வருவாள்.

ஒருநாள் அவள் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தறிக்காரப் பெரியவர் கருப்பண்ணனின் வண்டிக்குதிரையை உற்றுப் பார்த்தார். "ஏம்ப்பா, இது பந்தயத்துல ஓடின குதிரையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, செவ்வந்தி. உங்களுக்குத் தெரியாததுங்களா, சாயப் பந்தயத்துல ஓடுச்சே, அதேதானுங்க. ஏறுங்க."

வயிற்றுப்பிழைப்பு. அந்தப் பேரைச் சொன்னால் நாலு பேர் கூடுதலாக ஏறுவார்கள். அவன் சொல்லிவிட்டு உண்ணாமலையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் குனிந்து காலைப் பார்த்தார். "வெள்ளை இருந்துச்சே?" என்றார்.

"சாயம் போட்டிருக்குதுங்க" என்றாள் உண்ணாமலை.

பெரியவர் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். அவள் கட்டைப் பிரிக்க அரிவாளை உருவினாள். மட்டச் செவலை காதிரண்டையும் அவள் பக்கம் திருப்பியது. இரண்டும் முழுசாக இருந்தன.